வெளியே போனவர்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏலச்சாரல் பூங்காவுக்குள் போனவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேர். வெளியே வந்தவர்கள் நூற்றுப் பதிமூன்று பேர்.

அன்னக்கொடி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். உள்ளே போக ஒரு கேட்டு, வெளியே வர ஒரு கேட்டு. கம்பியைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆள் கடந்தால் ‘டக்’கென்று சத்தம் வரும், மேலே பெட்டியில் சிவப்பு எண் ஒன்று கூடும். இரண்டு கேட்டுக்கும் நடுவிலிருந்த டிக்கெட் கூண்டில்தான் அவளுக்கு வேலை. வேலையாட்கள் போய்வரப் பின்பக்கம் தனி வழி இருந்தது. பிறகு எப்படி ஒன்று கூடும்? ஏதாவது பிள்ளை கம்பியில் தொங்கி விளையாடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, மேனேஜர் சூர்யபிரகாஷுக்கு இரண்டு எண்களையும் அனுப்பினாள்.

உடனே போன் வந்தது.

“கூடுனா என்னக்கா? குறைஞ்சாத்தான் பிரச்சன. பூட்டிட்டுக் கிளம்புங்க.”

போடியிலிருந்து குரங்கணி போகும் ரோட்டில், மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருந்தது அந்தக் கேளிக்கைப் பூங்கா. திறந்த புதிதில் வாரம் ஏழு நாளும் ராத்திரி எட்டு மணிவரை பாட்டும் வெளிச்சமுமாகக் கிடந்தது. ஏலக்காய் விலை விழுந்து, ஊரில் கையிருப்பு குறைந்து, பள்ளிக்கூட பஸ்களும் கேரளத்து வண்டிகளும் நின்றுபோன பிறகு ஒவ்வொன்றாக வெட்டத் தொடங்கினார்கள். முதலில் வார நாட்கள் போயின. பிறகு நேரம் போனது. சனி, ஞாயிறு மட்டும், பதினொன்றிலிருந்து நாலு வரை. நாற்பது ஆட்கள் ஆறு பேரானார்கள். கரண்டு செலவென்று குகை ரயிலை நிறுத்தினார்கள். அலைக்குளத்தில் தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினார்கள்.

கடைசியாக நிறுத்தியது சாயங்காலச் சுற்று. முன்பெல்லாம் மூடும் நேரத்தில் நாலு பேர் டார்ச்சும் விசிலுமாகப் போய், கழிப்பறை, உடை மாற்றும் அறை, சறுக்குக்குழாயின் அடி என்று ஒரு மூலை விடாமல் பார்ப்பார்கள். குகை ரயில் அன்னக்கொடியின் பங்கு. தண்டவாளத்தின் மேலேயே நடந்து உள்ளே போய், “யாரும் இருக்கீங்களா? வெளிய வாங்க” என்று மூன்று தடவை கூப்பிட வேண்டும். அவள் குரல் திரும்பி வரக் கொஞ்சம் தாமதமாகும். அவ்வளவுதான், வேறொன்றும் இருக்காது. இப்போது சுற்றும் இல்லை, விசிலும் இல்லை. உள்ளே போன எண்ணும் வெளியே வந்த எண்ணும் ஒத்துப்போனால் போதும் என்று உத்தரவு.

அடுத்த வாரம் எண்பது பேர் போய் எண்பத்திரண்டு பேர் வந்தார்கள். அதற்கடுத்த வாரம் நான்கு கூடியது. மெஷினைப் பார்க்க மதுரையிலிருந்து வந்த பையன் அரைமணி நேரம் கழற்றி மாட்டிவிட்டு, ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வீட்டில் சோறு வடிக்கும்போதும் காதுக்குள் அந்த ‘டக்’ கேட்டது. கணவன் தங்கபாண்டி வைத்திருந்த குட்டியானை வண்டிக்கும் லோடு பாதியாகக் குறைந்திருந்த நேரம் அது. வேலையை விடுகிறேன் என்று சொல்லவும் அவளால் முடியவில்லை.

கார்த்திகை மாத மூட்டத்தில் ஒரு சனிக்கிழமை பத்தொன்பது பேர்தான் வந்தார்கள். டிக்கெட் கிழித்துக் கொடுக்கும்போதே ஒவ்வொரு முகத்தையும் மனதில் நிறுத்திக்கொண்டாள். காலேஜ் பையன்கள் எட்டு பேர். மூன்று ஜோடிகள். தேவாரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். அப்பா, அம்மா, அம்மாவின் தம்பி, பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு பையன், அவனுக்குக் கீழே ஒரு பெண். மொத்தம் ஐந்து பேர்.

நாலு மணிக்கு மலையிலிருந்து பனி இறங்கி ராட்டினத்தின் மேல்பாதியை மூடியிருந்தது. பையன்கள் கத்திக்கொண்டே போனார்கள், ஜோடிகள் போயின, கடைசியாகத் தேவாரத்துக் குடும்பம் வந்தது. டக். டக். டக். டக். டக்.

டக்.

ஆறாவதாக வந்தவள் ஒரு பெண். மழையே பெய்யாத அன்றைக்கு அவள் தலைமுடி நனைந்து கன்னத்தோடு ஒட்டிக் கிடந்தது. குளத்துப்பாசி நிறத்தில் சேலை. பல நாள் தேங்கிய தண்ணீரும் துருப்பிடித்த இரும்பும் கலந்த வாடை ஒன்று கண்ணாடிக் கூண்டின் ஓட்டை வழியாக உள்ளே வந்தது. முகத்தைப் பார்க்க அன்னக்கொடி எழுந்தே நின்றாள். பார்த்தாள்தான். ஆனால் பார்த்த கண்ணோடு அது மறந்துபோனது. சின்னப்பெண் ஓடி வந்து அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

“பாத்து வா, படி இருக்கு” என்றார் குடும்பத் தலைவர், அந்தப் பெண்ணிடம்.

அன்னக்கொடி கூண்டைவிட்டு இறங்கி ஓடினாள். “அண்ணே! வரும்போது அஞ்சு பேருதானே வந்தீங்க?”

“இல்லையே. ஆறு பேரு வந்தோமே.”

“அஞ்சு டிக்கெட்டுதானே வாங்குனீங்க?”

அவர் சட்டைப்பையிலிருந்து டிக்கெட்டுகளை எடுத்து எண்ணினார். ஐந்து இருந்தது. தன் ஆட்களை எண்ணினார். ஆறு இருந்தது. ஒரு நொடி அவர் நெற்றி சுருங்கியது, பிறகு தூக்கத்தில் புரள்கிறவரைப் போல முகம் தளர்ந்தது. “பிள்ளைக்கு நீங்களே டிக்கெட்டு வேணாம்னிருப்பீங்க” என்று சொல்லிவிட்டுக் கார் கதவைத் திறந்து, அந்தப் பெண் உள்ளே உட்காரும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

கார் போன பிறகும் சிமெண்டுத் தரையில் ஈரக் காலடிகள் காயவில்லை.

மறுவாரம் வாட்ச்மேன் கன்னையன் சீருடைச் சட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தார். ஐம்பத்தைந்து வயது. பத்து நாளில் பத்து வருடம் கூடினவர் போலிருந்தார்.

“இனிமே நான் வரல தாயி.”

“ஏன்ணே? ஒடம்புக்கு முடியலையா?”

“வீட்டுல ஆளு கூடிப்போச்சு.”

“யாரு வந்திருக்கா?”

அவர் வெளியே வரும் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “அன்னைக்கிப் பின்வழி சாவி கிடைக்கல. இந்த வழியாப் போனேன். ஒத்த ஆளாத்தான் போனேன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போனா எம்பொண்டாட்டி ரெண்டு தட்டு வைக்கிறா. யாருடின்னா, என்ன இப்படிக் கேக்குறீகன்னு என்னைய வையிறா. எல்லாரும் தெரிஞ்சவுக மாதிரியேதான் பேசுறாங்க. எனக்கு மட்டுந்தான் யாருன்னு தெரியல.”

“என்ன பண்ணுதுண்ணே அது?”

“ஒண்ணும் பண்ணாது. சோறு திங்காது, தூங்காது. எம்பேத்தியத் தூக்கி மடியில வச்சிருக்கு.” கையிலிருந்த சட்டையை மடித்தார். “அஞ்சு நாளாச்சு. பிள்ள கண்ணு முழிக்கல. மூச்சு இருக்கு, முழிக்கல. எழுப்பப் போனா எம்மருமக கையத் தட்டிவிடுறா. நல்லாத் தூங்குறா, விடுங்கங்குறா.”

சட்டையை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அவள் போய்ச் சூர்யபிரகாஷிடம் சொன்னபோது, கன்னையனுக்குக் குடிப்பழக்கம் உண்டு என்பது தெரியாதா என்று கேட்டான்.

அந்தச் சனிக்கிழமை அவளே ஒரு முடிவு செய்தாள். இருபத்தாறு பேர் போனார்கள். இருபத்தாறாவது ஆள் வெளியே வந்த உடனே, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சங்கிலியைக் கேட்டுக் கம்பியில் சுற்றிப் பூட்டைப் போட்டாள். சாவியை எடுத்து நிமிர்ந்தபோது கம்பி அசைந்தது. அவளுக்கு எதிரே உள்பக்கம் யாரும் இல்லை, பனிதான் நின்றது. சங்கிலி இறுகியது. தளர்ந்தது. மறுபடி இறுகியது. கோபமில்லாமல், அவசரமில்லாமல், வரிசையில் நிற்பவர்கள் முன்னால் நிற்பவரை நெருக்குவதைப் போல.

பஸ் நிறுத்தம்வரை ஓடினாள்.

ஞாயிற்றுக்கிழமை மழை. ஒருவர்கூட வரவில்லை. பாட்டுப் போடுகிற ஆளும் கேன்டீன்காரரும் வராமலே விட்டுவிட்டார்கள். அவள் மகள் அனுப்பிரியாவை வீட்டில் தங்கபாண்டியிடம் விட்டுவிட்டுத் தனியாக வந்து கூண்டில் உட்கார்ந்திருந்தாள். தகரக் கூரையில் மழை விழும் சத்தத்துக்கு அடியில் சங்கிலி மெதுவாக உரசிக்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் அதைக் கேட்காததுபோல இருக்க முடியும்? ரேடியோவைப் போட்டாள். அணைத்தாள். எழுந்து நின்றாள். உட்கார்ந்தாள்.

மூன்றரைக்குப் போன் வந்தது. சூர்யபிரகாஷ்.

“அக்கா, முதலாளி மொத்தமா மூடச் சொல்லிட்டாரு. இன்னைக்கோட சரி. குகை ரயில் மோட்டாரு ரெண்டையும் வித்தாச்சு. ஒங்க வீட்டுக்காரருக்கே லோடு சொல்லிட்டேன். பின்னாடி லாரி கேட்டு சாவிய வாங்கிட்டுப் போயிட்டாரு. இந்நேரம் உள்ள வந்திருப்பாரு.”

அவள் போனை வைக்கவில்லை. அது கையிலிருந்து விழுந்தது. எடுத்துத் தங்கபாண்டிக்கு அடித்தாள். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். இப்போது மழைக்கு நடுவே, பூங்காவுக்கு உள்ளேயிருந்து, அவன் போன் பாட்டு மெலிதாகக் கேட்டது.

பக்கத்திலிருந்த உள்ளே போகும் கேட்டைத் தள்ளிக்கொண்டு ஓடினாள். சுற்றை நிறுத்திய பிறகு அவள் உள்ளே கால் வைத்தது அன்றுதான். நடைபாதை முழுக்கச் சருகும் பாசியும் கிடந்தன. ராட்டினத்துத் தொட்டிகள் காற்றில்லாமலே ஒவ்வொன்றாக ஆடி அடங்கின, யாரோ எழுந்து இறங்கிவிட்ட ஊஞ்சலைப் போல. அலைக்குளத்தின் பச்சைத் தண்ணீரில் மழை குத்திக்கொண்டிருந்தது. உடை மாற்றும் அறைகளின் கதவுகள் எல்லாம் திறந்திருந்தன. எல்லா வாசல்களிலிருந்தும் ஈரக் காலடிகள் புறப்பட்டு, அவள் போகும் திசையிலேயே போயின. பெரிய காலடிகள். சின்னவை. மிகச் சின்னவை.

வண்டி குகை ரயில் வாசலில் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கு எரிந்தது. பின்பக்கத் தார்ப்பாய் இறக்கிக் கட்டியிருந்தது.

முன்சீட்டில் தங்கபாண்டி. அவன் பக்கத்தில் அனுப்பிரியா.

“பிள்ளைய ஏங்க கூட்டியாந்தீங்க?” கத்தினாள். கதவைத் திறந்து ஏறி, மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிள்ளையின் உடம்பு சூடாக இருந்தது. நெஞ்சு துடித்தது. கண் திறந்திருந்தது. போதும். அது போதும்.

“எடுங்க வண்டிய. வெரசா.”

அவன் எடுக்கவில்லை. பக்கக் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

“மோட்டாரு ஏத்தியாச்சா?”

“எந்த மோட்டாரு?” என்றான். குரலில் உண்மையான குழப்பம் இருந்தது.

“ஏங்க. என்னையப் பாருங்க. வண்டிய எடுங்க. சாமி சத்தியமாச் சொல்றேன், எடுங்க.”

அவன் திரும்பினான். நெற்றி ஒரு நொடி சுருங்கியது. அவளுடைய முகத்தைத் தேடுவதைப் போலப் பார்த்தான். அவள் அவன் கையைப் பிடித்தாள். ஒரு நொடிதான். முகம் தளர்ந்தது.

“இரு அன்னம். நம்மாளுக எல்லாரும் ஏறிக்கட்டும்.”

வண்டி லேசாக ஆடியது. பின்பக்கம் ஒரு அங்குலம் இறங்கியது.

மறுபடி இறங்கியது.

கதவுப் பிடியைத் தேடினாள். கை வழுக்கியது. பிடி ஈரமாக இருந்தது. வெளியே கண்ணாடியை ஒட்டி, பனிக்குள், ஆட்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். கதவைத் திறக்க இடமில்லை. யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாரும் வண்டியின் பின்பக்கம் பார்த்து நின்றார்கள். பொறுமையாக. வரிசை குகை வாசல்வரை போனது. அதற்கு உள்ளேயும் போனது.

இறங்கியது.

இறங்கியது.

தலைக்குப் பின்னால் இருந்த சின்னக் கண்ணாடி மூச்சுப்பட்டு வெளுத்துக்கொண்டே வந்தது. அனுப்பிரியா அவள் மடியிலிருந்து நழுவி, அப்பா பக்கம் நகர்ந்து, அம்மாவுக்கும் தனக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள். பிறகு அந்த வெற்று இடத்தில் தலையைச் சாய்த்தாள். தலை சீட்டில் படவில்லை. ஒரு மடியின் உயரத்தில் நின்றது. நனைந்த முடி இழை ஒன்று மேலிருந்து பிள்ளையின் கன்னத்தில் விழுந்தது.

“தூங்கட்டும், எழுப்பாத” என்றான் தங்கபாண்டி.

பிள்ளையின் கண்கள் மூடின. டயர்கள் சேற்றில் புதையப் புதைய, வண்டி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.