பெருச்சாளி இல்லை, கீரி!

"பெருச்சாளி மார்க் பட்டாசு இருக்கா?" என்று சாத்தூர்க் கடையில் யாரோ ஒருவர் கேட்டு வைத்தார். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. திருநெல்வேலி வரைக்கும் எல்லாக் கடைகளிலும் அப்படியே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கம்பெனி முதலாளிக்கு வந்ததே கோபம்! அது கீரி மார்க் பட்டாசு. ஆனால் லேபிள் வரைந்தவர் பிறந்ததிலிருந்து கீரியைப் பார்த்ததே இல்லை. மூக்கைக் குட்டையாக்கி, வாலை மொட்டையாக்கி, வயிற்றை உப்ப வைத்துவிட்டார்.

"இனிமே நெசக் கீரியைப் போட்டோ புடிங்கய்யா! அதுவும் பாம்போட சண்டை போடுற மாதிரி!" என்று சிவகாசி லேபிள் பிரஸ்ஸில் வந்து கத்தினார்.

அங்கே வேலை பார்த்த கண்ணுச்சாமி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எம் மக ஒரு கீரி வளக்கா, மொதலாளி" என்று சொல்லிவிட்டார்.

கெட்டது காரியம்!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆமத்தூரில் கண்ணுச்சாமி வீட்டு முற்றத்தில் முதலாளி வந்து நின்றார். கூடவே விருதுநகர் போட்டோக்காரர் அய்யாதுரை, மூன்று கால் காமிராவோடு. அவருக்குப் பின்னால் ஒரு பாம்பாட்டி. அவன் கையில் மூடிய கூடை.

கூடையைப் பார்த்ததும் கண்ணுச்சாமியின் மகள் வள்ளித்தாய் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பத்து வயது. அவள் மடியில் இருந்த கீரியின் பெயர் மூக்கன். குட்டியாக இருந்தபோது பருத்திக் காட்டில் கண்ணியில் சிக்கி, அதன் முன்னங்கால் ஒன்று ஊனமாகிவிட்டது. இன்னும் நொண்டித்தான் நடக்கும்.

"அப்பா, மூக்கனால தாவ முடியாது. பாம்பு கொத்திப் போட்டுரும்" என்றாள்.

"பல்லைப் பிடுங்கின பாம்பாம், தாயி" என்றார் கண்ணுச்சாமி. அவர் முகமும் சரியாக இல்லை.

வள்ளித்தாய் பாம்பாட்டியிடம் போனாள். "பல்லைப் பிடுங்கி ரொம்ப நாளாச்சா?"

"ஆச்சு, ஆச்சு."

"மறுபடி மொளைச்சிருக்காதா?"

பாம்பாட்டி தலையைச் சொறிந்தான்.

அய்யாதுரை காமிராவைச் சரி பார்ப்பதற்காக அதன் மேல் போர்த்தியிருந்த கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தார். மூக்கனுக்கு என்ன தோன்றியதோ, உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டு வள்ளித்தாயின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தது.

"பயந்தாங்கொள்ளிக் கீரியா இருக்கே!" என்று சிரித்தார் அய்யாதுரை.

"வெயில் இறங்குது. கூடையைத் தொற!" என்றார் முதலாளி.

பாம்பாட்டி குனிந்தான். கூடைக்குள்ளே 'புஸ்' என்று ஒரு சத்தம். வள்ளித்தாய் மூக்கனை வாரி எடுத்து நெஞ்சோடு கட்டிக்கொண்டாள்.

"மொதலாளி, ஒண்ணு கேக்கேன். உங்க சிங்கம் மார்க் மத்தாப்பு லேபிள்ல சிங்கம் ரயில் மேல நிக்குதே. அது நெசமாவே ரயில்ல ஏறுச்சா?"

முதலாளி விழித்தார். "அதெப்படி ஏறும்? சிங்கம் வேற படம், ரயில் வேற படம். வெட்டி ஒட்டுறதுதான்."

"அப்போ மூக்கனும் பாம்பும் மட்டும் எதுக்குச் சேந்து நிக்கணும்?"

கண்ணுச்சாமி முன்னால் வந்தார்.

"நானே ஒட்டித் தாரேன், மொதலாளி. ஒட்டுத் தெரியாது."

"ஒட்டுவீக. ஆனா கீரி சிலுத்துக்கிட்டு நிக்கணுமே! தூங்கி வழியுற கீரியைப் போட்டா, மறுபடியும் பெருச்சாளிம்பான். இந்தப் பாரும்மா, ஒருக்கா சிலுக்க வச்சுக் காட்டு. இல்லேன்னா கூடையைத் தொறக்க வேண்டியதுதான்."

வள்ளித்தாய் மூக்கனைத் தரையில் விட்டாள். கழுத்துக் கயிறு அவள் கையில் இருந்தது. மூக்கன் கொட்டாவி விட்டது. வயிற்றை நக்கியது. வள்ளித்தாய் கை தட்டினாள். முறத்தைத் தட்டினாள். ம்ஹூம்! மூக்கன் காலை நீட்டிப் படுத்தேவிட்டது.

"போதும். தொறப்பா" என்றார் முதலாளி.

பாம்பாட்டியின் விரல் மூடிக்குக் கீழே போனது. வள்ளித்தாய் சுற்றுமுற்றும் பார்த்தாள். அப்போதுதான் அந்தக் கறுப்புத் துணி கண்ணில் பட்டது.

"இருங்க! அண்ணாச்சி, துணிக்குள்ள தலையை விடுங்க!"

"எல்லாம் சரி பாத்தாச்சே, தாயி."

"விடுங்க அண்ணாச்சி! அப்படியே தலையை ஆட்டுங்க. ஆ, அப்படித்தான். இப்போ 'புஸ்'ஸுங்க!"

அய்யாதுரை நல்ல மனிதர். துணிக்குள்ளே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, "புஸ்ஸ்ஸ்" என்றார்.

மூக்கன் துள்ளி எழுந்தது. முதுகை வளைத்தது. ரோமமெல்லாம் குத்திட்டு நின்றது. வால் பாட்டில் கழுவும் பிரஷ் போல உப்பியது. பல்லெல்லாம் தெரிய "கீர்ர்ர்" என்று சீறியது. நொண்டிக்கால்கூடத் தெரியவில்லை.

க்ளிக்! துணிக்குள் இருந்தபடியே அய்யாதுரை படம் எடுத்துவிட்டார்.

"அடேயப்பா! இதுல்ல கீரி!" என்று முதலாளி தொடையில் தட்டினார்.

வள்ளித்தாய் மூக்கனைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடி, கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் பாம்பாட்டி கூடையைத் திறந்தான். பாம்பும் படமெடுத்து நின்று, தனியாகப் போட்டோ எடுத்துக்கொண்டு போனது.

தீபாவளி சீசனில் புது லேபிள் வந்தது. தெருப் பிள்ளைகள் எல்லாரும் வள்ளித்தாய் வீட்டு முற்றத்தில் கூடிவிட்டார்கள்.

"யாத்தே! பாம்பைப் பாத்து நம்ம மூக்கனுக்கு எம்புட்டுக் கோவம் பாரேன்!" என்றாள் வீரலட்சுமி.

வள்ளித்தாய் சிரித்த சிரிப்பில், மடியில் தூங்கிய மூக்கன் விழித்துக்கொண்டது. "பாம்பா? அது மொறைக்கிறது அய்யாதுரை அண்ணாச்சி தலையை!"