வார்டுக்குள் வளையல் சத்தம்

ஸ்ரீஜாவின் அம்மா இந்திராணி பேச ஆரம்பித்தால் அடுப்பில் பால் பொங்கிவிடும், பஸ் போய்விடும், ஆனால் பேச்சு மட்டும் முடியாது. அப்படிப்பட்ட அம்மா இப்போது திருப்பதி ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். ஸ்ரீஜாவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

அம்மாவுக்கு ஏழாம் மாதம். வயிற்றில் இருக்கும் பாப்பாவுக்குச் சாப்பாடு கொடுக்கும் நஞ்சுக்கொடி, மேலே இருப்பதற்குப் பதிலாகக் கீழே இறங்கி, பாப்பா வெளியே வரும் வழியை அடைத்துக்கொண்டிருந்தது. அதனால் நிறைய ரத்தம் போய்விட்டது.

“பாப்பா ரொம்பச் சின்னது. எத்தனை நாள் உள்ளே இருக்கிறதோ அத்தனைக்கு அத்தனை நல்லது. நீங்கள் எழுந்து நடக்கவே கூடாது,” என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

சத்தியவேட்டில் அவர்கள் வீட்டில் நடக்க இருந்த வளைகாப்பு நின்றுபோனது. வாங்கி வைத்த கண்ணாடி வளையல்கள் அலமாரியில் சும்மா கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது ஸ்ரீஜா அவற்றைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள்.

வார்டு வாசலில் அவள் ‘நைனா’ என்று கூப்பிடும் அப்பா சந்துரு குனிந்து காதில் சொன்னார்.

“பாப்பா பேச்சு எடுக்காதம்மா. அம்மா அழுதுடுவா.”

‘பாப்பாவுக்காகத்தான் படுத்திருக்காங்க. பாப்பாவைப் பத்திப் பேசக் கூடாதுன்னா எதைப் பத்திப் பேசுறது?’ என்று ஸ்ரீஜா யோசித்தாள். பெரியவர்கள் சில நேரம் இப்படித்தான், தாங்களே குழம்பி நம்மையும் குழப்புவார்கள்.

உள்ளே போனதும் அவள் துண்டைப் பிரித்தாள். மருந்து கொடுக்க வந்த நர்ஸ் சபீனா உடனே கையை ஆட்டினாள்.

“ஐயோ, கண்ணாடி வளையலா? வேணாம்மா. அம்மா கையிலதான் ரத்தம் ஏத்துறோம். எப்போ ஆபரேஷன்னு சொல்ல முடியாது.”

“எடுத்துக்கினு போ ஸ்ரீஜா,” என்றாள் அம்மா. “முதல்ல பொறக்கட்டும்.” பிறகு சுவரிடம் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னாள். “பொறந்தா.”

அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் ஸ்ரீஜாவுக்கு அழுகை வரும்போல் இருந்தது. ஆனால் அழுதால் அம்மாவும் அழுவாள். அதனால் வளையல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வளையல் எதற்கு? அதன் சத்தம் வயிற்றில் இருக்கும் பாப்பாவுக்குக் கேட்குமாம். அம்மாவே முன்பு சொல்லியிருக்கிறாள். அப்படியானால் பாப்பாவுக்கு வேண்டியது சத்தம்தானே? அது யார் கையிலிருந்து வந்தால் என்ன?

வளையல்கள் எல்லாவற்றையும் அவளே போட்டுக்கொண்டாள். எல்லாம் அம்மாவின் அளவு. கையைத் தூக்கினால் முழங்கைக்கு ஓடின, இறக்கினால் கீழே விழப் பார்த்தன. விரல்களை இறுக்கி மடக்கிக்கொண்டு, அம்மாவின் வயிற்றருகே கையை மெல்ல ஆட்டினாள்.

கலகலவென்று சத்தம் வந்தது.

“பாப்பா, நான்தான் அக்கா. அவசரப்பட்டு வெளிய வராத. இங்க ஒண்ணும் பெரிசா இல்ல. வந்தா ஸ்கூலுக்குப் போவணும், கணக்குப் போடணும். உள்ளயே நல்லா துன்னுகினு, தூங்கிக்கினு இரு. டாக்டர் சொன்னப்புறம் வா.”

பக்கத்துக் கட்டிலில் இருந்த சித்தூர் சென்னம்மா சிரித்துவிட்டாள். அவளும் அங்கே பல நாட்களாகப் படுத்திருப்பவள்.

“அம்மாயி,” என்று தெலுங்கில் செல்லமாக ஸ்ரீஜாவைக் கூப்பிட்டாள். “இங்கயும் வந்து ஆட்டிட்டுப் போ. எங்க பாப்பாவும் கேக்கட்டும்!”

அதற்குள் சபீனா பாப்பாவின் இதயத் துடிப்பைக் கேட்கும் கருவியோடு வந்தாள். அதைப் பார்த்தாலே அம்மா கண்ணை மூடிக்கொள்வாள், துடிப்பு கேட்காமல் போய்விடுமோ என்று. இன்றும் மூடிக்கொண்டாள்.

“கையை ஆட்டாத ஸ்ரீஜா, எனக்கு உன் வளையல்தான் கேக்குது!” என்று சபீனா அதட்டினாள்.

ஸ்ரீஜா மூச்சைக்கூட அடக்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கரகர என்று இரைச்சல். பிறகு தையல் மெஷின் ஓடுவதுபோல் டபடபவென்று கேட்டது.

“இவ்ளோ வேகமா? பாப்பா ஓடிக்கினு இருக்கா சிஸ்டர்?” என்று ஸ்ரீஜா கேட்டாள்.

“பாப்பாவுக்கு அப்படித்தான் துடிக்கும். ஆபத்து இன்னும் தீரல. ஆனா இன்னைக்கு நல்லா இருக்கு,” என்று சபீனா கருவியை எடுக்கப் போனாள்.

“இன்னும் கொஞ்ச நேரம் வைங்க சிஸ்டர்,” என்றாள் அம்மா.

அவள் கண்ணைத் திறந்திருந்தாள். அந்தச் சத்தத்தை முழுவதும் கேட்டாள். பிறகு திரும்பி, வாசலில் நின்ற நைனாவைக் கூப்பிட்டாள்.

“என்னாங்க, உங்க பழைய வேட்டி ஒண்ணை நல்லா துவைச்சு, வெயில்ல காயப்போட்டு வைங்க. பொறந்த பிள்ளையைச் சுத்தறதுக்கு மெத்துனு துணி வேணும் இல்ல?”

நைனா அம்மாவையே பார்த்தார். பிறகு கட்டிலருகே வந்தார்.

“ஒண்ணு போதுமா?”

“எங்க போதும்? இவ பொறந்தப்போ ஒரு நாளைக்கு நாலை நனைச்சா. அன்னைக்கு நீங்க கட்டிக்க வேட்டி இல்லாம...” என்று அம்மா ஆரம்பித்தாள். அப்புறம் அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை.