முப்பத்துமூன்று டிகிரி

போன் அலறியது.

தீவிர சிகிச்சைப் பிரிவின் நர்ஸ் கெரின் எடுத்தாள்.

"சார்ஜென்ட் ரண்டில் பேசறேன். க்ளைவ் இன்னும் சில்லுனுதானே இருக்கார்?"

"முப்பத்திமூணு டிகிரி, சார்ஜென்ட். அசைவே இல்ல."

"வரேன். அவரைப் பாத்துட்டு, நாலு மணிக்கு அவர் பொண்டாட்டிய உள்ள தள்ளணும்."

பாவம் கிளெனிஸ்! கணவரைத் தாக்கியது அவள்தான் என்று, வழக்கை விசாரிக்கும் ரண்டில் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்று நாளாக வராந்தாவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

க்ளைவ், ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் புல்வெளிப் பந்து சாம்பியன். கனமான பந்தை உருட்டி, சின்ன வெள்ளைப் பந்துக்கு மிகக் கிட்டே நிறுத்துபவருக்கு வெற்றி. சனிக்கிழமை கோப்பை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை கிளப் வாசலில் மண்டை உடைந்து கிடந்தார். பக்கத்தில் ஒன்றரைக் கிலோ பந்து.

மூளை வீங்கிவிடக் கூடாதே என்று டாக்டர்கள் அவரை மயக்கத்தில் ஆழ்த்தி, உடல் சூட்டை வழக்கமான முப்பத்தேழிலிருந்து இறக்க, குளிர்ந்த நீர் ஓடும் விரிப்பில் கிடத்தியிருந்தார்கள். கிட்டத்தட்ட ஃப்ரிட்ஜில் வைத்த மீன்.

ரண்டில் வந்தார்.

"தனியா ரெண்டு நிமிஷம் பாக்கலாமா?"

"தாராளமா."

கெரின் திரைக்குப் பின்னால் நகர்ந்தாள்.

ரண்டில் க்ளைவின் கையைத் தொட்டுப் பார்த்தார்.

ஐஸ்!

நிம்மதியாகக் காதருகே குனிந்தார்.

"மன்னிச்சுக்கடா. பைனல்ல என்னைத் தோக்கடிச்சுட்டு சிரிச்ச பாரு... அதான் தாங்கல. ஒரே ஒரு போடு போட்டேன். நீ எழுந்திரிக்காம இருந்தா ரெண்டு பேருக்கும் நல்லது."

பக்கத்துக் கட்டிலில் முகம் மூடிப் படுத்திருந்த 'நோயாளி' எழுந்து உட்கார்ந்தார்... தலைமையகத்து இன்ஸ்பெக்டர்!

"போதும் ரண்டில். கைய நீட்டு."

ரண்டில் திரும்பினார். திரையை விலக்கிக்கொண்டு கெரின் நின்றாள்.

"கெரின்... முப்பத்திமூணுன்னு சொன்னியே!"

"நேத்தே முப்பத்தேழு ஆயாச்சு. காலையில கண்ணும் முழிச்சார். யார் அடிச்சதுன்னுதான் அவருக்கு ஞாபகமே இல்ல. நீங்க பதினேழு தடவை போன் பண்ணி, பிழைப்பாரான்னு ஒரு தடவைகூடக் கேக்கல. 'சில்லுனு இருக்காரா'ன்னு மட்டும் கேட்டீங்க. அதான் இன்ஸ்பெக்டருக்குப் போன் போட்டேன்."

"அப்போ இந்தக் கை?"

"இவ்வளவு நேரம் ஐஸ் பையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தார்."

விலங்கு பூட்டும் சத்தத்தில் க்ளைவ் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். குரல் கரகரத்தது.

"அடிச்சதை மன்னிச்சுட்டேன்டா. ஆனா சனிக்கிழமை மாதிரியே இன்னிக்கும் கிட்ட வந்து கோட்டை விட்டுட்டியே!"