எழுபது கிராம் வெண்ணெய்

மறுபடியும் எழுபது கிராம் குறைந்தது.

டூர்டிஸ் பையைத் தராசிலிருந்து எடுத்துத் திரும்ப வைத்தாள். ஓட்ஸ், உலர்ந்த மான் இறைச்சி, பழுப்புப் பாலாடைக்கட்டி, சாக்லேட், வெண்ணெய். ஓர் ஆளுக்கு, ஒரு நாளைக்கு, ஒரு பை. காலையில் அவளே நிறுத்து ஒட்டியது, ஒட்டு பிரியவில்லை. உள்ளே வெண்ணெய்க் கட்டியின் ஒரு மூலை மட்டும், கரண்டியால் வழித்ததுபோல் குழிந்திருந்தது.

டிரோம்ஸோ துறைமுகக் கிடங்கில் மதியம் இரண்டு மணிக்கே கும்மிருட்டு. துருவக் குளிர்காலம், சூரியனைப் பார்த்து மூன்று வாரமாகிறது. கருவாட்டு வாடையும் டீசல் நெடியும் கலந்த குளிர், கதவிடுக்கு வழியாக மெல்ல வந்து அவள் கணுக்காலைத் தடவியது.

"தங்கம் விக்கிறவ மாதிரி நிறுக்கிறியேம்மா," என்று மகள் ஸீவ் சிரித்தாள். நாளைக்கு அவளும் இன்னும் மூவரும் வடக்கே பனிப்பரப்பில் சறுக்குவண்டிப் பயணம் போகிறார்கள். நாற்பது நாள்.

"அங்க பசிக்கும்போது தெரியும்டி என் அருமை."

"என் கரண்டி எங்க?"

"நாலு பேரோடதும் நேத்தே பெட்டியில பூட்டிக் கப்பல்ல ஏத்தியாச்சு." மரக்கரண்டிகள்; ஒவ்வொன்றின் காம்பிலும் அவரவர் பெயரைச் சூட்டுக்கம்பியால் எழுதுபவளும் அவள்தான்.

ஸீவ் கையுறையை மாட்டினாள். "ஏம்மா, அஸ்லாக் செத்தது புயல்லதானே?"

டூர்டிஸ் அடுத்த பையைத் தராசில் வைத்தாள். "புயல்தான்."

மூன்று வருடத்துக்கு முன், அஸ்லாக் போன பயணத்தில், சறுக்குவண்டி கனமாக இருக்கிறது என்று குழுத் தலைவர் முணுமுணுத்தார். அவள் ஒவ்வொரு பையிலும் எழுபது கிராம் வெண்ணெயைக் குறைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. கடைசி வாரம் அஸ்லாக் வெறும் பனியைக் கரண்டியால் அள்ளித் தின்றான் என்று திரும்பி வந்த ஒருவன் சொன்னான். குளிரில் அஸ்லாக்குக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று சொன்னவன் நினைத்திருந்தான்.

ஸீவ் போனதும் எல்லாப் பைகளையும் பிரித்து நிரப்பினாள். நிறுத்தாள். எழுபது குறைவு. மீண்டும் நிரப்பினாள். எழுபது குறைவு. இந்தப் பைகளை நம்பித்தான் ஸீவ் போகிறாள்.

அலமாரிகளின் கடைசியில், தகரத்தில் மரம் உரசும் சத்தம். நிதானமாக. வழித்து வழித்து.

பசித்தவனுக்குக் கொடுக்காமல் கடவுளிடம் என்ன கேட்பது? அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சினாள். கிறிஸ்துமஸுக்குச் செய்வதுபோல் நடுவில் குழித்து வெண்ணெய் இட்டு, தகரக் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள்.

"உன் பங்குப்பா, அஸ்லாக். நான்தான் குறைச்சேன். மன்னிச்சிடு."

இறந்தவனிடம் சொல்வது எளிதாக இருந்தது. ஸீவிடம் சொல்லத் தொலைபேசியை எடுத்தாள். வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு கீழே வைத்துவிட்டு, விளக்கை அணைத்து வாசலில் நின்று ஜெபித்தாள்.

உரசல் தொடங்கியது. ஒரு கரண்டி.

பிறகு இரண்டு.

வேகமாக. இன்னும். இன்னும்.

நின்றது.

விளக்கைப் போட்டாள். கிண்ணம் துடைத்தாற்போல் காலி. அதில் ஐந்து மரக்கரண்டிகள். ஒன்று அஸ்லாக்கோடு பனியில் புதைந்துபோனது. மற்ற நான்கும், நேற்று அவளே பூட்டி அனுப்பியவை.

அஸ்லாக்குடையதும் மற்ற மூவருடையதுமான நான்கின் மேல் உறைபனி படர்ந்திருந்தது. ஐந்தாவதை எடுத்தாள். காம்பில் ஸீவின் பெயர். ஈரமாக, அப்போதுதான் வாயிலிருந்து எடுத்ததுபோல், அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.