வெறுங்கை மெழுகு

குளித்துவிட்டு வந்து கணவர் கொடியில் போட்ட துண்டு நனையவே இல்லை.

அலுவலகம் விட்டு வந்ததும் ஒரு குளியல் போடுவது அவர் வழக்கம். அன்றைக்கும் தண்ணீர் கொட்டும் சத்தத்தை அவள் சமையலறையில் இருந்தபடியே கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் துண்டைத் தொட்டுப் பார்த்தால் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்த மாதிரியே மொடமொடவென்று இருந்தது, சோப்புத் தூள் வாசனைகூடப் போகவில்லை.

"என்னங்க, குளிச்சீங்களா, இல்ல குழாயைத் திறந்து விட்டுட்டு உள்ள நின்னு கனவு கண்டீங்களா?"

"குளிச்சேனே. துவட்டவே தேவைப்படல. தண்ணி தானா உருண்டு இறங்கிடுச்சு, ஒரு சொட்டு நிக்கல. நம்ம கார் மாதிரி." சொல்லும்போது குரலில் அப்படி ஒரு பெருமை.

அவள் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் எந்தப் பேச்சை எடுத்தாலும் கடைசியில் காரில்தான் போய் முடியும்.

கல்யாணமாகி இத்தனை வருடமும் வீட்டில் இரண்டே பேர்தான். மூன்றாவதாக வந்து சேர்ந்தது அந்தக் கார். யாரோ ஓட்டி விற்ற பழைய வண்டி, ஆனால் கறுப்பு. கறுப்பு வண்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். தூசி, தண்ணீர்க் கறை, பறவை எச்சம், பூனை நடந்த தடம் என்று எல்லாவற்றையும் தெருவுக்கே காட்டிக் கொடுத்துவிடும். அவர் அலசி, துடைத்து, காயவைத்து, தள்ளி நின்று பானெட்டின் மேல் மேகம் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்துவிட்டால் அன்றைக்கு மனிதருக்குத் தலைகால் புரியாது.

வாங்கிய கையோடு, கடைத்தெருவில் நிறுத்தியிருந்தபோது எந்தப் புண்ணியவானோ சாவியால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போய்விட்டான். முன்கதவில் தொடங்கி பின்கதவு வரைக்கும் நீண்ட கோடு. அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு போர்ட்டிகோவில் உட்கார்ந்து அந்தக் கீறலை விரலால் தடவிக்கொண்டே இருப்பார். அவளுக்கு எரிச்சலாகவும் வரும், பாவமாகவும் இருக்கும்.

கடையை மூடிவிட்டு ஊரைவிட்டே போய்க்கொண்டிருந்த ஒரு கார் கழுவுகிறவர்தான் அந்த மெழுகு டப்பாவைக் கொடுத்தாராம். டப்பாவின் மேல் ஒரு பெயர் இல்லை, ஒரு எழுத்து இல்லை. மூடியைத் திறந்தால் தேன்கூட்டை நசுக்கியது போன்ற இனிப்பு வாசனை வரும். அதற்கு அடியில், பல் வைத்தியரின் அறையில் வருமே, அப்படி ஒரு காட்டமும் இருக்கும். கையுறை மாட்டிக்கொண்டுதான் தடவ வேண்டும் என்று கொடுத்தவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். இவர் கேட்டால்தானே!

"கையுறை போட்டா வேக்ஸ் எப்படி இளகும்? ஸ்பாஞ்சுல எடுத்தா பாதிய அதுவே குடிச்சிடும். உள்ளங்கைச் சூட்டுல இளகணும், அப்பதான் உள்ள இறங்கும். பெரிய தொழில்காரங்க எல்லாம் வெறுங்கையாலதான் பூசுவாங்க, தெரியுமா?"

வெறுங்கையால் பூசினார். உள்ளங்கையில் ஒரு கட்டியை எடுத்துக் குழைத்து, வட்ட வட்டமாக, முகத்துக்குக் கிரீம் போடுகிற பொறுமையோடு கதவு முழுவதும் தேய்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத் துணியால் துடைத்தபோது அந்தக் கீறல் இல்லை. மறைந்திருக்கவில்லை, இல்லவே இல்லை. அவளையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"வேக்ஸ் வேற ஒண்ணும் பண்ணாது. எங்க பள்ளம் இருந்தாலும் போய் நிரப்பும். அவ்வளவுதான் அதோட வேலை."

அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டார். அவளுக்கும் நிம்மதியாக இருந்தது. அதற்குப் பிறகு தினமும் மாலையில் ஒரு பூச்சு என்று ஆகிவிட்டது.

துண்டு விஷயத்தை அவள் மறந்திருப்பாள், அடுத்தடுத்து ஒவ்வொன்றாக வராமல் இருந்திருந்தால். அவருடைய போன் அவர் கட்டைவிரலை ஏற்றுக்கொள்ளவில்லை. பேனா கையில் நிற்காமல் நழுவியது. தூங்கும்போது போர்வை சர்ரென்று வழுக்கிக் கட்டிலுக்குக் கீழே போய் விழுந்தது, எடுத்துப் போர்த்தினால் திரும்பவும் விழுந்தது. ஒரு கொசு அவர் கழுத்தில் உட்காரப் பார்த்ததை அவள் தன் கண்ணால் பார்த்தாள். கால் ஊன்ற இடம் கிடைக்காமல் அது சறுக்கிக்கொண்டே தோள் வரைக்கும் இறங்கி, பறந்து போய்விட்டது.

"பாத்தியா? ஒரு கொசுகூடக் கடிக்கல" என்று அவர் சந்தோஷப்பட்டார்.

அவள் அவர் கையை இழுத்து விளக்கடியில் விரித்துப் பார்த்தாள். ரேகை இல்லை. விரல் மடிகிற இடத்தில் இருக்கும் கோடுகூட இல்லை. உள்ளங்கை கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி வழவழவென்று இருந்தது. பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தில் சின்ன வயதில் அம்மை போட்ட தழும்புகள் இருக்கும். கல்யாணமான புதிதில் அவற்றைத் தொட்டுத் தொட்டு அவள் கேலி செய்வாள். அவளுக்குப் பிடித்த குழிகள் அவை. ஒன்றுகூட இல்லை.

பிடித்திருந்த கையைச் சட்டென்று விட்டாள்.

"நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம்."

"எதுக்கும்மா? போய் என்னன்னு சொல்றது? என் புருஷன் ரொம்ப பளபளன்னு இருக்காருன்னா?"

பயத்தில் இருப்பவளைப் பார்த்துச் செய்கிற கிண்டலா இது என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் அவள் தலையைத் தடவப் போனார். அவள் விலகிக்கொண்டாள். கட்டிய கணவனின் கைக்கு விலகியது அதுதான் முதல் தடவை.

டாக்டரிடம் போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். ஒரு மாலை போர்ட்டிகோவில் அவர் பூசிக்கொண்டிருந்தபோது அவள் வாசற்படியில் நின்று காபி ஆறுகிறது என்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. வேலையில் மூழ்கிவிட்டால் அவர் அப்படித்தான் என்று இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். உள்ளங்கை தகட்டின் மேல் வட்டமடிக்கும் சத்தம் மட்டும் நிதானமாக, ஈரமாக வந்துகொண்டிருந்தது. அந்த இனிப்பு வாசனை தொண்டைக்குள் வந்து உட்கார்ந்தது. கிட்டே போனாள். அவர் காதைப் பார்த்தாள்.

மடல் இருந்தது. நடுவில் துளை இல்லை.

கத்திக்கொண்டே அவரை இழுத்துப் போய்க் குளியலறையில் உட்காரவைத்தாள். பாத்திரம் கழுவும் சோப்பு மெழுகை எடுத்துவிடும், அதை வண்டிப் பக்கம் கொண்டுவராதே என்று அவரே முன்பு அவளைத் திட்டியிருக்கிறார். வெந்நீரில் அதைக் கரைத்து முகம், காது, கழுத்து என்று தேய்த்தாள். நுரை நிற்கவில்லை. ஊற்ற ஊற்றத் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு தரையில் தெறித்தது. பஞ்சு போதாதென்று வெறும் விரலாலேயே அழுத்தித் தேய்த்தாள். அவர் சிறுபிள்ளையாட்டம் முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேர்த்துக் கொட்டிய தன் முகத்தை அவள் அதே கையால் துடைத்துக்கொண்டாள். திரும்பவும் தேய்த்தாள். எதுவும் போகவில்லை. அவர் எதையோ சொல்ல வந்தார், வாய் பாதிக்கு மேல் திறக்கவில்லை.

அப்போதுதான் அவர் கண்ணிலும் பயத்தைப் பார்த்தாள்.

விடிந்ததும் ஆஸ்பத்திரி என்று முடிவு செய்துவிட்டாள். அவர் தூங்கவில்லை, அவளும் தூங்கவில்லை. மூக்கின் வழியாக மூச்சு விசில் சத்தத்தோடு போய்வந்தது. அந்தச் சத்தம் வரவர மெலிந்துகொண்டே வந்தது. எங்கே நின்றுவிடுமோ என்று அவள் அதையே பிடித்துக்கொண்டு கிடந்தாள். தன் வாய் ஏன் இப்படி வறண்டு ஒட்டிக்கொள்கிறது என்று அவள் யோசிக்கவில்லை. பயம் என்றுதான் நினைத்தாள்.

வெளிச்சம் வந்ததும் அவரைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போய்க் காரில் ஏற்றினாள். பிடித்த பிடி நழுவிக்கொண்டே இருந்தது, சட்டையைக் கொத்தாகச் சேர்த்துத்தான் இழுக்க முடிந்தது. அவளுக்கும் ஓட்டத் தெரியும், இத்தனை நாள் அவர்தான் விட்டதில்லை. கதவைச் சாத்திவிட்டு, சாவி எடுக்க வீட்டுக்குள் ஓடினாள். ஆணியில் தொங்கிய சாவியையும் மேஜை மேல் இருந்த பணப்பையையும் எடுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

திரும்பி வந்தபோது வண்டி நின்ற இடத்தில்தான் நின்றது. ஆனால் என்னவோ சரியாக இல்லை. எது சரியாக இல்லை என்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. சாவியை நீட்டிக்கொண்டு கதவண்டை வந்தாள்.

கதவு இல்லை.

கதவுக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே இருக்கும் அந்த மெல்லிய இடுக்கு இல்லை. கைப்பிடிக்குப் பின்னாலிருந்த குழி இல்லை. சாவித் துவாரம் இல்லை. கண்ணாடி எங்கே தொடங்குகிறது, தகடு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. முன்னும் பின்னும் மேலும் ஒரே கறுப்பு. ஒரே வழவழப்பு. அதில் அவள் முகம் தெரிந்தது. பின்னால் வானம் தெரிந்தது, மேகம் தெரிந்தது.

உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

மெதுவாக. ஒரு தட்டு. இடைவெளி. இன்னொரு தட்டு.

அவள் இரண்டு கைகளையும் அதன் மேல் வைத்துத் துழாவினாள். வெயில் இன்னும் வராத அந்த நேரத்தில் வண்டி வெதுவெதுப்பாக இருந்தது. நகத்தை விட்டுக் கீறினாள். நகம் வழுக்கியது. படிக்கட்டடியில் சுத்தியல் இருந்தது, ஓடிப் போய் எடுத்து வந்தாள். கைக்குள் நிற்காமல் வழுக்கியதை இரண்டு கையாலும் கவ்விக்கொண்டு, கண்ணாடி இருந்திருக்க வேண்டிய இடத்தில் பலங்கொண்ட மட்டும் அடித்தாள். சுத்தியல் துள்ளிக்கொண்டு போய்ச் சுவரில் விழுந்தது. குனிந்து பார்த்தாள்.

ஒரு கீறல் விழவில்லை.

போனை எடுத்தாள். விரலால் தேய்த்தாள், தட்டினாள். அவள் விரல் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியவில்லை.

உள்ளே தட்டும் சத்தம் அவசரப்பட்டது. படபடவென்று. இரண்டு கையாலும். பிறகு காலாலும்.

கத்த வேண்டும். தெருவே கேட்கிற மாதிரி கத்த வேண்டும். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.

உதடு பிரியவில்லை.

விரலை விட்டுப் பிரிக்கப் பார்த்தாள். உதடு இருந்த இடத்தில் இடுக்கைத் தேடினாள். தேடினாள். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும்.

வெளிக்கதவைத் திறந்துகொண்டு யாரோ வந்தார்கள். எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார், காலை நடையை முடித்துக்கொண்டு, கழுத்தில் துண்டோடு. அவர் அவளைப் பார்க்கவில்லை. அவர் கண் காரை விட்டு நகரவில்லை.

"அடேயப்பா! என்னம்மா இது, கண்ணாடி தோத்துப் போச்சு போங்க! சார் எங்க? என் வண்டிக்கும் ஒரு கை போட்டுக் குடுக்கச் சொல்லணுமே."

குனிந்து அதில் தன் தலைமுடியைக் கோதிக்கொண்டார். மீசையை ஒதுக்கிக்கொண்டார். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டார். அவர் முகத்துக்கு நேராக, ஒரு தகட்டுக்கு அந்தப் பக்கம், தட்டும் சத்தம் தளர்ந்துகொண்டே வந்தது.

"என்ன, என்ஜின் ஓடிட்டிருக்கா?"

அவள் பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள். நழுவியது. சட்டையைப் பிடித்தாள். நழுவியது. குறுக்கே போய் நின்று, மூடிய முகத்தை ஆட்டி ஆட்டி, வேண்டாம் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

"நகருங்கம்மா, கறையா பண்ணிடப் போறேன்? கை சுத்தமாத்தான் இருக்கு" என்று வாத்தியார் அவளைச் சுற்றிக்கொண்டு வந்து, உள்ளங்கையைத் துண்டில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, வருடிப் பார்ப்பதற்காக ஆசையோடு நீட்டினார்.