பூப்பொட்டலத்து மாத்திரை

"வெள்ளிக்கிழமை பூஜை. உனக்கு அன்னிக்குத்தானேடி வரும்?"

காபி டம்ளரை வாங்கிக்கொண்டே வள்ளியம்மா கேட்டதும், வித்யாவின் கையிலிருந்த தட்டு தரையில் விழுந்து உருண்டது. மாமியார் கேட்டதில் தப்பே இல்லை. தூரமானால் மூன்று நாள் ஒதுங்கி உட்காரும் வழக்கத்தைப் பெங்களூர் பிரேசர் டவுனில் இத்தனை வருஷம் குடியிருந்தும் விடாத வீடு அது. மருமகளின் தேதி மாமியாருக்கு மனப்பாடம்.

"ஆமா அத்தை..."

"அப்போ மார்க்கெட் போறப்போ ஓஸ்வால்ட் கடையில தள்ளிப்போடற மாத்திரை வாங்கிடலாம். இந்தப் பூஜையில உன் கை இல்லாம ஆவாது. நம்ம பிரபாவுக்கு இந்தத் தடவையாவது முருகன் ஒரு ஆம்பளப் புள்ளையக் குடுக்கணும்!"

"நானே போய் வாங்கிக்கறேனே... வெயில்ல நீங்க எதுக்கு..."

"பெங்களூர்ல என்னடி பெரிய வெயில்! சும்னே, பேசாம கெளம்பு!"

அந்தக் கடைக்கு வித்யா மாதம் தவறாமல் ரகசியமாகப் போய்க்கொண்டிருந்தாள். வாங்கியது கர்ப்பத்தடை மாத்திரை. அவள் கணவன் சுந்தரேசனோ மஸ்கட்டுக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது!

மாத்திரை அவளுக்கில்லை, நாத்தனார் பிரபாவுக்கு. இரண்டாவது பெண் பிறந்தபோது ரத்தக்கொதிப்பு ஏறி, வலிப்பு வந்து, பிரபா பிழைத்ததே மறுபிறவி. "இன்னொரு பிரசவத்தை இந்த உடம்பு தாங்காதும்மா" என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரம்மா வித்யாவிடம்தான் சொன்னார். கர்ப்பத்தடை ஆபரேஷன் என்று வித்யா பேச்செடுத்ததற்கே, "அப்போ உங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுங்க" என்று முகத்திலடித்தாற்போல் சொன்னார்கள் பிரபாவின் புகுந்த வீட்டார். அவளைத் தனியாக வாசல் தாண்டவும் விடுவதில்லை, கோயிலுக்கும் பூஜைக்கும் தவிர. கோயிலில் வித்யா கொடுக்கும் மல்லிகைப் பொட்டலத்துக்குள் மாத்திரை அட்டை ஒன்று இருக்கும்.

"அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அண்ணி! என் பொண்ணுங்க மேல சத்தியம்!" என்று கேட்டு வாங்கியிருந்தாள் பிரபா. அதுவும் நியாயம்தான். வள்ளியம்மா நல்லவள், ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது. காலையில் காதில் விழுந்தது மத்தியானத்துக்குள் சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

கடையில் ஓஸ்வால்ட் தனியாகத்தான் இருந்தார். வித்யா போனால் வாய் திறக்கும் முன்பே மாத்திரையைப் பழுப்புக் கவரில் போட்டு நீட்டிவிடும் நல்ல மனுஷன். மாமியாரின் முதுகுக்குப் பின்னால் நின்று, வேண்டாம் வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள் வித்யா. அவர் பார்த்தால்தானே!

"மருமகளுக்குத் தள்ளிப்போடற மாத்திரை குடப்பா. வீட்ல பூஜை."

"அதுக்குத் தனியா எதுவும் பேடாம்மா, வேணாம். மாசாமாசம் வாங்கறாங்களே, அதையே நடுவுல நிறுத்தாம சாப்பிட்டா தானா தள்ளிப்போயிடும்."

"மாசாமாசமா? என்ன மாத்திரை?"

"கொழந்தை தள்ளிப்போட சாப்பிடறதுதாம்மா..." என்று குரலைத் தாழ்த்தியவர், அப்போதுதான் வித்யாவின் முகத்தைக் கவனித்தார். ரத்தம் வடிந்து வெளுத்துப்போயிருந்தது அது. "நான்... வேற யாரையோ நெனச்சிட்டு..." என்று இழுத்தார். இனி இழுத்து என்ன பிரயோஜனம்!

வீடு வரும்வரை வள்ளியம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. ஓயாமல் பேசுகிற வாய் மூடிக்கிடந்ததே வித்யாவைப் பாதி கொன்றது. கதவைத் தாழிட்ட கையோடு அவளுடைய கைப்பையைத் தரையில் கொட்டினாள் மாமியார். சீப்பு, சில்லறை, பூஜையன்று பிரபாவுக்குக் கொடுக்க வைத்திருந்த அட்டை...

"என் புள்ள ஊர்லயே இல்ல. அப்போ யாருக்குடி இது?"

தீட்டு ஒழுங்காக வருவதில்லை, அதற்காக என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஒதுங்கி உட்காருகிற நாளை விரல்விட்டு எண்ணுகிற மாமியாரிடம் அந்தப் பொய் எப்படிச் செல்லும்!

"அத்தை... நான் எந்தத் தப்பும் பண்ணல. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க!"

"கேக்காம? பாலைவனத்துல அவன் உசிரைக் குடுத்து சம்பாதிக்கறான்டி! நீ இங்க..." வள்ளியம்மா குனிந்து அட்டையை எடுத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை அவன் போன் பண்ணுவான். என் வாயாலயே சொல்றேன். நீ பொட்டியக் கட்டு. வேலூர்ல உங்கப்பன் வீட்டுக்குப் போய்ச் சேரு."

வித்யா அவள் காலில் விழுந்தாள். "போயிடறேன் அத்தை. அந்த அட்டைய மட்டும் குடுத்துடுங்க... கையெடுத்துக் கும்பிடறேன்!"

பிரபாவிடம் இருந்த மாத்திரை வெள்ளிக்கிழமையோடு தீர்கிறது. புது அட்டை கைக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று வித்யாவுக்குத்தான் தெரியும். கேட்ட வள்ளியம்மாவோ தீயை மிதித்தவளாகப் பின்வாங்கினாள்.

"இப்பவும் அதுதான் வேணுமா உனக்கு! அடிப்பாவி..."

அட்டை முருகன் படத்தின் முன்னால் போய் உட்கார்ந்தது.

வெள்ளிக்கிழமைவரை வித்யாவை வள்ளியம்மா வாசல் தாண்ட விடவில்லை; ராத்திரியெல்லாம் வித்யா கண் மூடவில்லை. உண்மையைச் சொன்னால் பிரபாவின் குடித்தனம் போகும், உயிரும் போகலாம். சொல்லாவிட்டால் தன் குடித்தனம் போகும். யாரிடம் போய் அழுவாள்?

வெள்ளிக்கிழமை காலை. ஈரத்தலையோடு பூஜைக்கு வந்த பிரபா, வாசலில் இருந்த பெட்டியைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"அண்ணி எங்க போறாங்க?"

"அவளத் தொடாத பிரபா! நம்ம குடும்ப மானத்தையே வாங்கிட்டா. சாமி முன்னாடி பாரு, எதை முழுங்கறான்னு!"

பிரபா பார்த்தாள். வித்யா சுவரோடு ஒட்டி நின்று மெல்லத் தலையசைத்தாள். சொல்லாதே... சொல்லாதே...

பிரபா அம்மாவையும் வாசல் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். நேராகப் போய் அந்த அட்டையை எடுத்தாள்.

"இது எனக்கும்மா."

"என்ன உளர்றே?"

"எனக்கு வாங்கினது! இன்னொரு புள்ள பெத்தா நான் செத்துருவேன்னு டாக்டர் சொன்னாங்க. நீ எனக்குப் புள்ள வேணும்னு விளக்கேத்தற... அண்ணி நான் உசிரோட இருக்கணும்னு பூவுல மாத்திரைய மறைச்சுக் குடுக்கறாங்க!"

"எங்கிட்ட ஏண்டி சொல்லல? பெத்தவ எங்கிட்ட!"

"உன் வாய்க்கு பயந்துதாம்மா..."

வள்ளியம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகளைப் பறிகொடுக்கவா இத்தனை நாள் விரதமிருந்தாள்? ஆஸ்பத்திரிக் கட்டிலில் வலிப்பில் துள்ளிய பிரபா கண்முன் வந்தாள். அன்றைக்கு அவள் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றவள் யார்? பெட்டியைக் கட்டிக்கொண்டு நிற்கிறவள்தானே!

போன் அலறியது. வள்ளியம்மா தடுமாறி எழுந்து எடுத்தாள்.

"சுந்தரேசா... ம்... பூஜை இனிமேத்தான்ப்பா. உன் பொண்டாட்டிக்கு என்ன, தங்கமா இருக்கா. எனக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு... இந்தா, அவகிட்டயே பேசு."

ரிசீவரை வித்யாவின் கையில் திணித்தவள், அப்படியே அவள் தோளில் முகம் புதைத்து விம்மினாள். "என்னை மன்னிச்சுடுடி என் தாயே!" மஸ்கட்டில் இருந்தவனுக்கு இரண்டு பெண்களின் அழுகைதான் கேட்டது. எதற்கென்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

அடுத்த மாதம் வித்யா கடைக்குக் கிளம்பியபோது வள்ளியம்மாவும் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கடையில் கூட்டம். அதில் சம்பந்தி வீட்டுத் தெருக்காரி ஒருத்தி தைலம் வாங்கிக்கொண்டிருந்தாள். வித்யாவின் கால் பின்னுக்கு இழுத்தது. வள்ளியம்மா அவளை விலக்கிவிட்டு முன்னால் போய் நின்றாள்.

"ஓஸ்வால்டு, எப்பவும் வாங்கற அட்டை ஒண்ணு குடு."

ஓஸ்வால்ட் எடுத்து நீட்டியதைத் தெருக்காரி எட்டிப் பார்த்தாள். பார்வை வித்யாவின் தாலிக்குப் போய், வயிற்றுக்குப் போய், திரும்பி வந்தது.

"யாருக்குங்க இந்த மாத்திரை? மகன் வெளிநாட்டுல இல்ல இருக்காரு?"

பொட்டில்லாத நெற்றியை நிமிர்த்தி, புருஷனைப் பறிகொடுத்துப் பத்து வருஷமான வள்ளியம்மா அவளை நேராகப் பார்த்தாள்.

"எனக்குத்தான்."

வெளியே வந்ததும் மாமியாரின் கையை வித்யா இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"வாடி," என்றாள் வள்ளியம்மா, "பூ வாங்கணும்."