ஜெபத்தில் கண் மூடாத சபை

சதுரங்கப்பட்டினம் தாண்டி உப்பங்கழியை ஒட்டியிருந்த அந்தச் சின்னச் சபைக்கு ரெஜினா அன்றுதான் முதல்முறையாக வந்தாள். பாஸ்டர் ஞானதாஸ் அவள் கணவன் ஜெபகுமாருக்கு அண்ணன் முறை. ஒரு ஞாயிறாவது குடும்பத்தோடு வாங்களேன் என்று நெடுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஷீட் கூரை. தரையில் பாய். ஜனத்தை விரல்விட்டு எண்ணிவிடலாம். மூன்று வயது ஜாய்ஸை மடியில் இருத்திக்கொண்டு ரெஜினா பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். அருகிலிருந்த மீன்காரப் பாப்பாக்கா அவள் காதோரம் குனிந்தாள்.

“ஜெபத்துல கண்ண மூடாத மா. கொயந்தய வச்சிகினு கீற.”

ரெஜினாவுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணை மூடாமல் என்ன ஜெபம்?

ஞானதாஸ் ஜெபிக்கத் தொடங்கினார். தாய்மார்கள் அவரவர் பிள்ளையை வெறித்துப் பார்த்தபடியே ஆமென் சொன்னார்கள். பழக்கதோஷம், ரெஜினாவின் இமைகள் தாமாக மூடிக்கொண்டன.

முதலில் சேற்று வாடை வந்தது. பிறகு, நனைந்த சேலை தரையில் இழுபடுகிற சத்தம். அது அவளுக்கு எதிரே வந்து நின்றது.

மடியில் பாரம் குறைந்தது.

“கண்ணத் தொற!” பாப்பாக்கா அலறினாள்.

மடி காலியாக இருந்தது. புடவை முழங்கால்வரை ஈரம்.

வாசலுக்கு வெளியே, கொளுத்தும் வெயிலில், ஜாய்ஸ் கழியை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். ஒரு கை மட்டும் தலைக்கு மேலே உயர்ந்திருந்தது, பெரியவர்கள் விரலைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பிள்ளை போல.

பக்கத்தில் யாருமில்லை.

ரெஜினா ஓடினாள். இடுப்பளவுத் தண்ணீரில்தான் குழந்தையை எட்டிப் பிடிக்க முடிந்தது. இழுத்தாள்.

மறுபக்கமிருந்தும் இழுத்தது.

“எம்புள்ள... வுட்டுடு!”

“கண்ணச் சிமிட்டாத! புள்ளயவே பாரு!” கரையிலிருந்து பாப்பாக்காவின் குரல். உப்புநீர் தெறித்துக் கண் எரிந்தது. ரெஜினா இமைக்கவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து ஓடிவந்த ஜெபகுமார் பின்னாலிருந்து அவளைக் கட்டிப்பிடித்து இழுக்க, பிடி சட்டென்று விட்டது. மூவரும் சேற்றில் விழுந்தார்கள்.

கரையில் பாப்பாக்கா சொன்னாள்: “பொன்னின்னு ஒருத்தி. கண்ண மூடி ஜெபிச்சிகினு இருந்தா. புள்ள கழிக்குப் பூட்டுது. தேடி எறங்குனவளும் வரல.”

வீடு திரும்பும்போது காரில் ரெஜினா மகளை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

“யார் கையப் புடிச்சிகினு போன செல்லம்?”

“அம்மா கைய.”

கோவளத்தில் வீடு வந்ததும் ஜாய்ஸ் கட்டிலில் படுத்துத் தூங்கிப்போனாள். கரண்ட் இல்லை. ஜன்னலைத் திறந்துவிட்டு ரெஜினா திரும்பினாள்.

தலையணைக்கு ஒரு சாண் மேலே, எதன்மேலும் படாமல், குழந்தையின் தலை சாய்ந்திருந்தது. மடியில் கிடப்பது போல.

காற்றே இல்லாத அறையில், அவள் நெற்றி முடி மெல்ல மெல்லக் கோதப்பட்டுக்கொண்டிருந்தது.